கடைசி வரிக்கு முன்னால் ஒரு விசில்

தமிழ்த் தொலைக்காட்சியில் இன்று யார் எந்தக் குட்டி நகைச்சுவை நாடகம் போட்டாலும், அதற்குப் பின்னால் பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவர் கையில் விசிலோடு நிற்கிறார். இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. தர்மபுரியில் பல டீக்கடைகளில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் டீயைக் கொஞ்சம் வேகமாகக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டிலும் சொல்லிப் பார்த்தேன். "இதைக் கண்டுபிடிக்கத்தான் வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடாம உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார் மனைவி.

எங்கள் மாவட்டத்திலிருந்து வெளியூருக்கு என்ன போகிறது என்று கேட்டால் தக்காளி என்பார்கள், புளி என்பார்கள், பட்டுக்கூடு என்பார்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் என்பார்கள். யாரும் பட்டியலில் சேர்க்காத சரக்கு ஒன்று உண்டு. மேடையில் இரண்டு பேர் சண்டை போட, நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் ஒன்றுமே பேசாமல் நிற்க, ஜனங்கள் சண்டை போடுகிறவர்களை விட்டுவிட்டு அவரைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொள்வது. இன்றைக்கு எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்த மூன்றாவது ஆள் நிற்கிறார். அது எங்கள் ஊர்ச் சரக்கு. உற்பத்தி செய்தவர் டைம் கீப்பர்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டு இருந்ததே. ஆனால் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் அது தெரியாது. அவர் வீட்டம்மாவே "எங்கூட்டு டைம்கீப்பரு" என்றுதான் சொல்வார். தனியார் பஸ்கள் எந்த நிமிடம் உள்ளே வர வேண்டும், எந்த நிமிடம் வெளியே போக வேண்டும் என்று பார்த்து, நோட்டில் எழுதி, விசில் ஊதி விரட்டுவது அவர் வேலை. ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால் டிரைவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளத் தயாராகிவிடுவார்கள். இவர் நடுவில் போய் நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சுவரில் கண், மூக்கு வரைந்த மாதிரி ஒரு முகம். இரண்டு பேரும் கத்தி ஓய்ந்ததும் வாட்ச்சைப் பார்ப்பார். அவ்வளவுதான், சண்டை முடிந்துவிடும்.

வாட்ச் என்று ஒருமையில் சொல்வது தவறு. இரண்டு கையிலும் ஒவ்வொன்று கட்டியிருப்பார். இடது கை வாட்ச் பஸ்ஸுக்கு. வலது கை வாட்ச் "மத்ததுக்குங்க" என்பார். மத்தது என்றால் சாப்பாடு, குளியல், கல்யாணம். இண்டூரில் ஒரு கல்யாணத்தில், முகூர்த்தம் முடியப் போகிறது, ஐயர் இன்னும் மந்திரத்தை விடுவதாக இல்லை. இவர் வலது கையைப் பார்த்தார், விசிலை எடுத்து ஊதிவிட்டார். திடுக்கிட்ட மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டான். அந்தத் தம்பதிக்குள் இன்றுவரை பெரிய சண்டை வந்ததில்லை. வந்தாலும் நாலு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று கேள்வி.

அந்தக் காலத்தில் நான் இண்டூரிலிருந்து தினமும் தர்மபுரிக்கு வந்து போகும் குமாஸ்தா. தபால் பிரிவு. வரும் கடிதங்களுக்கு எண் போடுவது அலுவலகப் பணி. நாடகம் எழுதுவது மானசீகப் பணி. மூன்று மணி நேர சமூக நாடகம் ஒன்றை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தலைப்பிலேயே விடியல் இருந்தது. கதாநாயகன் முதல் காட்சியில் வறுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, இடைவேளைக்குச் சற்று முன்புதான் மூச்சு விடுவான். படிக்கக் கொடுத்தவர்கள் எல்லாம் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். தப்பிக்க முடியாத ஓர் ஆள் வேண்டியிருந்தது. டைம் கீப்பரால் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. அவரிடம் கொடுத்தேன்.

மாரண்டஹள்ளி வண்டி போய், பென்னாகரம் வண்டி உள்ளே வருவதற்குள், நின்றபடியே புரட்டினார்.

"சார், இதுல பஸ்ஸு எப்பங்க கெளம்பும்?"

"இதுல பஸ் எதுவும் வரலைங்களே."

"அது தெரியுதுங்க. அல்லாரும் ஏறி உக்காந்துட்டாங்க. பேசறாங்க, பேசறாங்க, பேசிக்கிட்டே இருக்கறாங்க. வண்டி இன்னும் கெளம்பவே இல்லியே. அதான் கேக்கறேன்."

உலக இலக்கிய விமரிசனத்தை ஓரளவு படித்தவன் நான். இதைவிடச் சுருக்கமாக ஒரு பிரதியைக் கொன்ற விமரிசகரை இதுவரை பார்க்கவில்லை.

நாடகத்திலிருந்து ஒரே ஒரு தாளை உருவி எடுத்தார். ஒரு கான்ஸ்டபிளும் பூ விற்கும் அம்மாளும் பூக்கூடையை எங்கே வைப்பது என்று சண்டை போடும் கட்டம். மீதியைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இத மட்டும் போடலாமுங்க. நாலு நிமிசம். ரெண்டு வண்டிக்கு நடுவுல எனக்கு அவ்வளவுதான் கெடைக்கும். அதுக்கு மேல ஜனத்துக்கும் நிக்க முடியாது. ஒண்ணு சொல்றனுங்க, நடுவுல ஒருத்தன் சும்மா நிக்கட்டும்."

"சும்மா நிக்க யாருங்க வருவா?"

"நானே நிக்கறனுங்க. இத்தன வருசமா அதான பண்றேன்."

பூ விற்கும் அம்மாள் வேடத்துக்கு, பஸ் ஸ்டாண்டிலேயே பூ விற்றுக்கொண்டிருந்த பூக்காரக்கா வந்தார். கான்ஸ்டபிள் வேடத்துக்கு மாரண்டஹள்ளி வண்டிக் கண்டக்டர். டிக்கெட் ஷெட்டுக்குப் பின்னால் டிரைவர்களை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தோம். கான்ஸ்டபிள் சொல்வதாக ஒரு கடைசி வரி எழுதியிருந்தேன். சமூகத்தையே சிரிக்க வைத்து உலுக்கும் வரி. கண்டக்டர் அதைச் சொன்னார். ஒரு டிரைவர் கொட்டாவி விட்டார். எனக்கு மட்டும் சிரிப்புத் தாங்கவில்லை.

டைம் கீப்பர் தன் நோட்டை எடுத்தார். அதில் நாலு கட்டம் இருக்கும். வண்டி, வந்த நேரம், போன நேரம், குறிப்பு. 'டயர் பஞ்சர்', 'டிரைவர் கோபம்' என்பதெல்லாம் குறிப்புக் கட்டத்தில் வரும். அதே பக்கத்தில், பென்னாகரம் வண்டிக்குக் கீழே, எங்கள் ஒத்திகையையும் ஒரு வண்டியாகப் பதிந்தார். எட்டிப் பார்த்தேன். குறிப்பு: 'சிரிக்கல. எழுதினவர் மட்டும் சிரிச்சார்.'

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு பஸ் ஸ்டாண்டில் மேடை போட்டு எங்கள் நாலு நிமிடத்தை அரங்கேற்றினோம். பஸ்கள் எல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, நெற்றி நிறையச் சந்தனத்தோடு நின்றன. மேடையில் கண்டக்டரும் பூக்காரக்காவும் சண்டை போட்டார்கள். நடுவில் டைம் கீப்பர், ஒரு மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆளாக நின்றார். ஏதோ கேட்க வாயைத் திறப்பார். இவர்கள் கத்துவார்கள். வாயை மூடுவார். வாட்ச்சைப் பார்ப்பார். மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது, முன்வரிசையில் ஓர் ஆள் சிரிப்புத் தாங்காமல் பக்கத்து ஆளின் பொரியைக் கொட்டிவிட்டார்.

சமூகத்தை உலுக்கும் கடைசி வரி வரப்போகிறது. கண்டக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். டைம் கீப்பர் இடது கையைப் பார்த்தார். நாலு நிமிடம். பழக்கதோஷம். விசிலை எடுத்து ஊதிவிட்டார்.

மாரண்டஹள்ளி வண்டியின் டிரைவர் இன்ஜினை ஓடவிட்டபடி சீட்டில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். அந்த விசில் கேட்டால் அவர் கால் தானாகவே கிளட்சை விடும். விட்டது. பஸ் கிளம்பியது. பயணிகள் அத்தனை பேரும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் மேடையில், போலீஸ் உடுப்பில். "அய்யய்யோ, நிறுத்துடா" என்று மேடையிலிருந்து குதித்து ஓடினார். கூட்டத்தில் பாதுகாப்புக்கு நின்ற நிஜக் கான்ஸ்டபிள், ஏதோ திருட்டு என்று நினைத்து அவரும் கூடவே ஓடினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு போலீஸ்காரர்கள் துரத்தி வருகிறார்கள். என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்காமல் வேகத்தைக் கூட்டினார். பெட்ரோல் பங்க் தாண்டித்தான் பிடிக்க முடிந்தது.

கூட்டம் இதையெல்லாம் நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் தர்மபுரியில் நான் கேட்டதில்லை. என் கடைசி வரியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது இல்லை என்று யாரும் புகார் கொடுக்கவும் இல்லை.

குறிப்பு: 'சிரிச்சாங்க. வண்டி காலியா போச்சு.'

மறுநாள் டைம் கீப்பர் பஸ் முதலாளியிடம் திட்டு வாங்கிவிட்டு வந்து, டீ குடித்துக்கொண்டே ஒரு சித்தாந்தத்தை வெளியிட்டார். இன்றைக்கு நகைச்சுவை எழுதப் பயிற்சி வகுப்பெல்லாம் நடத்துகிறார்கள். அங்கே மூன்று மாதத்தில் சொல்லித் தருவது இதுதான்.

"கடைசி வரி வேண்டாமுங்க சார். அத ஜனங்களே மனசுக்குள்ள சொல்லிக்குவாங்க. நாமளும் சொன்னா ரெண்டு தரம் ஆயிடும். இன்னொண்ணு, பேசறவனப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான். கேட்டுக்கிட்டு நிக்கறான் பாருங்க, அவனப் பாத்துத்தான் சிரிப்பாங்க. அல்லாரும் வூட்ல அப்படித்தான நிக்கறோம்."

அன்றிலிருந்து நான் எத்தனை நாடகம் எழுதினாலும், கடைசி வரிக்கு முன்னால் விசில் விழுந்துவிடும். என் வாழ்நாளின் மிகச் சிறந்த வரிகள் எல்லாம் கடைசி வரிகள். அவற்றில் ஒன்றுகூட எந்த மனிதக் காதிலும் விழுந்ததில்லை.

பிறகு கேபிள் டிவி வந்தது. எங்கள் ஊரில் அதை நடத்தியவர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் லோக்கல் நிகழ்ச்சி வேண்டும் என்றார். படம் பிடிக்க மாரண்டஹள்ளிக்காரர் ஒருவரைப் பிடித்தார். கல்யாண வீடியோ எடுப்பவர், ஆகவே பெயர் வீடியோ. எடிட்டிங் வசதியெல்லாம் கிடையாது. காமிராவை ஓடவிட்டால் ஓடியதுதான். யாராவது தப்பாகப் பேசினால் அப்படியே போய்விடும். அதனால் டைம் கீப்பர் ஓரத்தில் விசிலோடு நின்று, தான் நடிக்கும்போது வாயோரத்தில் விசிலோடு நின்று, நாலாவது நிமிடம் ஊதுவார். வீடியோ உடனே காமிராவை அணைப்பார். நாடகம் முடிந்தது.

வீடியோவுக்கு ஒரு வழக்கம். கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்லும்போது ஐயரையா காட்டுவார்கள்? பெண்ணின் முகத்தைக் காட்டுவார்கள். அதே பழக்கத்தில், எங்கள் நாடகத்திலும் யார் பேசினாலும் அவர்களை விட்டுவிட்டு, சும்மா நிற்கும் டைம் கீப்பரின் முகத்தையே காட்டினார். முதல் வாரம் அந்த முகத்தைச் சுற்றி இதய வடிவம்கூட வந்தது, அந்தப் பொத்தானை அணைக்க மறந்துவிட்டார். நான் கொதித்துப்போனேன். "வசனம் பேசறவங்களக் காட்டுப்பா, எழுதினது நானு" என்றேன்.

டைம் கீப்பர் தடுத்தார். "வுடுங்க சார். தம்பிக்கு வெவரம் தெரியுது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தர்மபுரித் தெருக்கள் காலியாகும். புகழ் வந்தால் கூடவே வரும் தொல்லைகளும் வந்தன. டைம் கீப்பர் ஒரு டிரைவரைக் கண்டிக்கலாம் என்று போய் நின்றால் டிரைவர் சிரித்தார். வாட்ச்சைப் பார்த்தால் பஸ் முழுக்கச் சிரித்தது. துக்க வீடுகளுக்கு அவரால் போகவே முடியவில்லை. ஒரு வீட்டில் இவர் வாசலில் வந்து அதே முகத்தோடு நிற்க, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அதிலிருந்து யார் இறந்தாலும், கூட்டம் கலைந்த பிறகு போய் மாலை போட்டுவிட்டு வருவார். "செத்தவரு ஒருத்தருதாங்க சார் என்னப் பாத்து சிரிக்கறதில்ல" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பெரிய சேனல்கள் வந்ததும் லோக்கல் கேபிள் படுத்துவிட்டது. வீடியோ காமிராவை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனார். சில வருஷம் தகவல் இல்லை. பிறகு ஒரு நாள் ஒரு பெரிய சேனலில் குட்டிக் குட்டி நாடகங்களாகப் போடும் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். இரண்டு பேர் கத்துகிறார்கள். நடுவில் ஓர் ஆள் பையோடு நிற்கிறார். காமிரா அவர் முகத்தை விட்டு நகரவில்லை. நான் எழுந்து உட்கார்ந்தேன். கத்துகிறவர் கடைசியாக ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். விசில். வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம். இயக்கம் என்று போட்ட பெயர் நம் வீடியோவினுடையது.

அடுத்த சில வருஷங்களில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்து இன்னொரு சேனல், அதைப் பார்த்து மற்றொன்று. சிலர் விசிலுக்குப் பதில் மணி அடித்தார்கள். சிலர் சங்கு. எல்லாம் நாலு நிமிடம். இன்று அதில் நடித்த பையன்கள் சினிமாவில் இருக்கிறார்கள். 'அந்தப் பேசாத முகம் என் பாணி' என்று ஒருவர் பேட்டியே கொடுத்தார்.

வீடியோவுக்கு போன் போட்டுக் கத்தினேன். அவர் பாவம், நிதானமாகச் சொன்னார்: "நான் போற எடமெல்லாம் சொல்லிக்கிட்டுதாங்க சார் இருக்கேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல ஒரு டைம் கீப்பரு சொல்லிக் குடுத்ததுன்னு. யாரும் நம்பலிங்க. காமெடி பண்றேன்னு நெனச்சு சிரிக்கறாங்க."

டைம் கீப்பர் அதற்குள் ஓய்வு பெற்றுப் பாப்பாரப்பட்டியில் இருந்தார். வாழ்நாள் முழுக்க ஏர் ஹாரனுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றவர். காது போய்விட்டது. பாதி கத்தல், பாதி எழுத்து என்றுதான் பேச முடியும். நான் போனபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். வலது கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சத்தமே இல்லாத டிவிக்கு கேபிள் எதுக்குன்னு கேளுங்க சார் உங்க டைம்கீப்பர" என்றார் அவர் வீட்டம்மா.

"உங்களதத்தான் அல்லாரும் எடுத்துப் போடறாங்க" என்று நானும் கத்தினேன். தெருவில் போன இருவர் நின்று பார்த்தார்கள்.

"தெரியுதுங்க. போடட்டுமே. வண்டி கரெக்டா கெளம்புதுங்களா இல்லியா, அத மட்டுந்தான் பாக்கறேன்" என்றார். பிறகு, "நேத்து ஒருத்தன் பத்து செகண்டு லேட்டு" என்றார்.

இந்த வருஷம் வீடியோவே போன் செய்தார். அந்த நிகழ்ச்சியின் ஒரு பகுதியைத் தர்மபுரியில், கல்யாண மண்டபத்தில், ஜனங்களை வைத்து எடுக்கப் போகிறார்கள். ஒரு நாடகம் நான் எழுத வேண்டும். பூக்காரக்கா நடிக்க வேண்டும், கூட நிகழ்ச்சியின் நட்சத்திரப் பையன். நடுவில் நிற்பதும் விசில் ஊதுவதும் டைம் கீப்பர். "ஊருக்கு முன்னாடி இவருதான்னு நான் சொல்லணும் சார். இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் போனேன். விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், டைம் கீப்பர் படித்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வேண்டாமுங்க சார்."

ஏன் என்று கையை ஆட்டினேன்.

"காது கேட்டப்ப ஊதுனதுங்க அது. நம்ம ஆளுங்கன்னா எண்ணிக்கிட்டே ஊதிருவேன். அந்தப் பையன் நடுவுல சேத்துப் பேசுவானாட்ட இருக்குது, டிவில பாக்கறனே. எங்க முடியுதுன்னு எனக்கெப்படித் தெரியும்? நான் இப்ப ஒரு தரம் தப்பா ஊதிட்டனா, இத்தன வருசம் சரியா ஊதுனதும் தப்பாப் போயிரும் சார்."

அவர் வாழ்க்கையில் சேர்த்து வைத்த ஒரே சொத்து, ஒரு தடவைகூடத் தப்பாக ஊதாத விசில். அதைக் கொண்டுவந்து பந்தயத்தில் வை என்கிறோம்.

பூக்காரக்காவை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். இப்போது அவர் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார், ஆனால் குரல் பழைய பஸ் ஸ்டாண்டுக் குரல். காது கேட்காதவருக்கும் அது கேட்டது.

"அண்ணா, நீ வரலன்னா போ. எனக்கொண்ணுமில்ல. ஆனா இந்தாளுதான் எழுதறாரு" என்று என்னைக் காட்டினார். "நீ ஊதலன்னா கடைசி வரி வரைக்கும் போயிரும். தர்மபுரி ஜனம் என்ன பாவம் பண்ணுச்சு?"

டைம் கீப்பர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"அது சரிதான்" என்றார். "வரேன்."

ஒரு கலைஞன் பிறர் நன்மைக்காக எதையும் பணயம் வைப்பான் என்று படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அப்போதுதான்.

படப்பிடிப்பு மத்தியானம் மூன்று மணிக்கு. மண்டபம் நிரம்பி, ஜன்னலிலும் ஆள். வீடியோ மேடையேறி, "நாங்க செய்யற காமெடி எல்லாம் இந்த ஊரு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு செஞ்சது. அவரு இவருதான்" என்றார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பழைய டிரைவர்கள் விசிலடித்தார்கள். நான் ஓரத்தில் நின்று, ஏதோ நானே டைம் கீப்பரைப் பெற்று வளர்த்த மாதிரி நாலு பக்கமும் பார்த்துத் தலையாட்டினேன். டிவியில் வந்தபோது அந்தப் பேச்சு முழுவதையும் விளம்பரத்துக்காக வெட்டிவிட்டார்கள், அது வேறு கதை. பாப்பாரப்பட்டியில் உட்கார்ந்து பார்த்த டைம் கீப்பர், "நல்ல வேள, வெட்டிட்டாங்க. நீளமா இருந்துச்சு" என்றார்.

நாடகம் தொடங்கியது. பெரிய பெரிய லைட்டுகள் நேராக மேடையில் அடித்தன. மேடையில் நிற்பவருக்கு எதிரே இருட்டு, ஒரு முகம்கூடத் தெரியாது. காதும் இல்லை, கூட்டமும் தெரியவில்லை. டைம் கீப்பர் மஞ்சள் பையோடு நடுவில் நின்றார். பையன் நன்றாகச் செய்தான். செய்ததுதான் ஆபத்து. ஜனம் சிரிக்கச் சிரிக்க, நான் எழுதாததை எல்லாம் சேர்த்துப் பேசினான். பூக்காரக்கா சமாளித்துக்கொண்டே போனார். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம். விசில் இல்லை. நாலே கால். டைம் கீப்பர் அசையவில்லை. வாயோரத்தில் விசில் அப்படியே இருந்தது. அக்கா ஓரக்கண்ணால் விசிலைப் பார்த்தார். கை தளர்ந்துவிட்டதா, எண்ணிக்கை தவறிவிட்டதா, ஏன் கூப்பிட்டோம், என்று எனக்குள் ஓடியது. நாலே முக்கால். பையன் சேர்த்துப் பேசியதை முடித்து, நான் இரண்டு வாரம் உட்கார்ந்து இழைத்த கடைசி வரிக்கு வந்துவிட்டான். நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தான்.

விசில்.

பையன் திறந்த வாயோடு நின்றான். மெல்லத் திரும்பி டைம் கீப்பரைப் பார்த்தான். டைம் கீப்பர் இடது கை வாட்ச்சைப் பார்த்தார். பிறகு வலது கை வாட்ச்சைப் பார்த்தார்.

சிரிப்பில் கூரை தூக்கிக்கொண்டது. ஜன்னலில் இருந்தவர்கள் உள்ளே விழுந்தார்கள். வெளியே ரோட்டில் நின்றிருந்த ஒரு தனியார் பஸ் அந்த விசிலைக் கேட்டுக் கிளம்பிப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். இதற்கும் ஆதாரம் கிடையாது.

அவர் அதே முகத்தோடு மேடைக்குப் பின்னால் வந்தார். நான் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டி, நாலு விரலைக் காட்டி, ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நடுநடுவுல அந்தப் பையன் பேசாம நின்னானுங்க. ஆளு ஏறிக்கிட்டே இருந்தா வண்டிய ஒரு நிமிசம் பிடிச்சு நிறுத்துவனே, அந்த மாதிரி வுட்டேன். கடைசி வரிக்கு முன்னாடி எவனா இருந்தாலும் மூச்ச இழுப்பான் சார். அதப் பாத்து ஊதுனேன்." விசிலைத் துண்டில் துடைத்தார். "ஆனா ஒண்ணு. ஜனம் சிரிச்சுத்தான் நின்னானா, மறந்துபோயி நின்னானான்னு தெரியலிங்க. ஊதுனதுக்கப்புறமும் ஒண்ணும் தெரியல. ஒரே வெளிச்சம்."

மஞ்சள் பையிலிருந்து பழைய நோட்டை எடுத்தார். கட்டம் போட்டுத் தயாராக வைத்திருந்தார். வண்டி: நம்ம நாடகம். வந்த நேரம்: 3.10. போன நேரத்தில் 3.15 என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தில் பேனாவை வைத்து, எடுத்து, நோட்டை என்னிடம் நீட்டினார்.

"சிரிச்சாங்களாங்க சார்? எழுதிக் குடுங்க. பொய் எழுதக் கூடாது."

வாங்கினேன். வெளியே இன்னும் சத்தம் அடங்கவில்லை. நோட்டின் கட்டங்கள் எனக்குக் கலங்கலாகத் தெரிந்தன. பிறகு எழுதிக் கொடுத்தேன்: 'சிரிச்சாங்க. எழுதினவர் மட்டும் சிரிக்கல.'

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், நேரம் தப்பி உள்ளே வரும் பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். இடது கையைப் பார்த்தார்.

"நாலு நிமிசத்துல முடிச்சுக்குங்க சார். பாப்பாரப்பட்டி வண்டி வந்துரும்."

நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். அவர் விசில் ஊதவில்லை.